கேள்வி-பதில்: கார் மோதும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கார் விபத்தால் உண்டாகும் காயங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விபத்துச் சிகிச்சை மருத்துவரும் வாகனப் பாதுகாப்புப் பொறியாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய காரிலிருந்து ஒருவர் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கி வருகிறார். அதிகம் நசுங்காத இன்னொரு காரில் ஓட்டியவர் இறந்துபோகிறார். இது எப்படி?

என்ன வேகத்தில் வந்தார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். எத்தனை சென்டிமீட்டருக்குள் உடம்பு நின்றது என்று கேட்பதுதான் முக்கியம்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது. முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது. பெல்ட் போட்டவர் காரோடு சேர்ந்தே அந்த 60 செ.மீ. தூரத்தில் நிற்கிறார். அவர் உடம்பின் மேல் விழும் விசை, சராசரியாக அவர் எடையைப் போல் 16 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய ஒரு டன். பெல்ட் போடாதவருக்கு இந்த 60 செ.மீ. கிடைப்பதில்லை. கார் நசுங்கி நிற்கும் நேரத்தில் அவர் அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறார். பிறகு ஸ்டீயரிங்கிலோ டேஷ்போர்டிலோ மோதி 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், விசை எடையைப் போல் 200 மடங்கை நெருங்கிவிடும். அத்தனையும் நெஞ்சில், நெற்றியில், முழங்காலில் என்று சின்னச் சின்ன இடங்களில் இறங்குகிறது.

முழு உடம்பையும் பட்டைகளால் இறுகக் கட்டியிருந்தால் மனிதன் எவ்வளவு தாங்குவான் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், 1954 டிசம்பரில் ராக்கெட் சறுக்குவண்டியில் தானே உட்கார்ந்து சோதித்தார். திடீரென்று வண்டியை நிறுத்தியபோது அவர் தாங்கிய உச்ச விசை 46 மடங்கு. கண்களில் ரத்தம் கட்டியது, ஆனால் உயிரோடு எழுந்தார்.

ஆகவே கார் நசுங்குவது நல்லது, பயணிகள் உட்காரும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது. மெர்சிடிஸ் நிறுவனத்தில் பேலா பாரெனி 1950-களில் வடிவமைத்த ‘நசுங்கும் முன்பக்கம், நசுங்காத நடுக்கூடு’ என்ற அமைப்புதான் இன்றைய கார்களின் அடிப்படை. “அந்தக் காலத்துக் கார் இரும்பு மாதிரி இருக்கும்” என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த இரும்பு வளையாததால் விசை முழுவதையும் உள்ளே இருந்தவர் வாங்கிக்கொண்டார்.

வேகத்தை உயரமாக மாற்றிப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 100 கி.மீ. என்றால் 20 மீட்டர் ஆகாது, 39 மீட்டர் ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு.

கேள்வி: வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று வீட்டுக்குப் போனவர் மறுநாள் ஆபத்தான நிலைக்குப் போகிறாரே, ஏன்?

ஒரு விபத்தில் மூன்று மோதல்கள் நடக்கின்றன. கார் எதிலோ மோதுகிறது. உடம்பு பெல்ட்டிலோ ஸ்டீயரிங்கிலோ மோதுகிறது. கடைசியாக, உடம்பு நின்ற பிறகும் நகர்ந்துகொண்டிருக்கும் உறுப்புகள் எலும்பின் மேலும் தம்மைப் பிடித்திருக்கும் இணைப்புகளின் மேலும் மோதுகின்றன. இந்த மூன்றாவது மோதல் வெளியே தெரியாது.

கிழிவது பெரும்பாலும், அசையும் பகுதியும் அசையாத பகுதியும் சேரும் இடத்தில். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளைவுப் பகுதி நெஞ்சுக்குள் ஓரளவு ஆடும். கீழிறங்கும் பகுதி முதுகெலும்போடு ஒட்டி நிற்கும். இடது கைக்குப் போகும் கிளை பிரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே இரண்டும் சேர்கின்றன. திடீர் நிறுத்தத்தில் அங்கேதான் கிழிகிறது. முழுச் சுவரும் கிழிந்தால் பெரும்பாலானோர் சம்பவ இடத்திலேயே இறந்துவிடுவார்கள். வெளியுறை மட்டும் தாங்கிக்கொண்டால் நோயாளி பேசிக்கொண்டே மருத்துவமனைக்கு வருவார். சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனில்தான் அது பிடிபடும்.

மண்ணீரல் இடப்பக்கக் கீழ் விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ரத்தம் நிறைந்த, எளிதில் பிளக்கக்கூடிய உறுப்பு. அது கசியத் தொடங்கினால் வயிறு லேசாக வலிக்கலாம், கூடவே இடது தோள்பட்டை நுனியிலும் வலி வரலாம். கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. தோளில் அடிபடாதவர் தோள் வலிக்கிறது என்று சொன்னால், தைலம் தேய்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மண்ணீரல் உறை சில நாள் தாங்கிப் பிறகு வெடிப்பதும் உண்டு.

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைவதுதான் இதில் பெரிய ஏமாற்றம். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் ஒன்றரை லிட்டர்வரை போன பிறகும், ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். இளைஞர்களுக்கு இந்தத் தாக்குப்பிடிப்பு அதிகம். பிறகு சட்டென்று சரிந்துவிடுவார்கள். முதலில் மாறுவது நாடித்துடிப்பு. அது ஏறிக்கொண்டே போவது, தோல் வெளிறிச் சில்லிடுவது, காரணமில்லாத பதற்றம், தாகம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

குடலில் விழுந்த ஓட்டை முதல் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். குடலிலிருந்து கசிந்தது வயிற்றுச் சவ்வை அழற்சியாக்க 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். நுரையீரல் நசுங்கலும் அப்படித்தான், முதல் நாளைவிட இரண்டாம் நாள் மூச்சுத்திணறல் அதிகமாகும். ‘ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போங்கள்’ என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

தலைக்காயத்தில் இன்னொரு கண்ணி. நெற்றிப்பொட்டு எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால், அடிபட்டவர் கொஞ்ச நேரம் மயங்கி, பிறகு தெளிந்து நன்றாகப் பேசுவார். அதே நேரத்தில் மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் மறுபடி மயக்கம் வரும், உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, பேச்சுக் குழறல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த அறிகுறிகள் இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரலாம். ‘வயசாச்சு, தடுமாறுகிறார்’ என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உறவினருக்கு சீட் பெல்ட் அழுத்தியே குடல் கிழிந்தது என்றார்கள். அப்படியானால் போடாமலிருப்பது மேல் அல்லவா?

பெல்ட் போட்டிருக்காவிட்டால் அவர் குடலுக்குச் சிகிச்சை பார்க்கும் நிலைக்கே வந்திருக்க மாட்டார். ஆனால் உங்கள் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது: தவறான இடத்தில் கிடக்கும் பெல்ட் காயப்படுத்தும்.

வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்த மூன்று முனைப் பெல்ட் இரண்டு வேலை செய்கிறது. குறுக்குப் பட்டை நெஞ்செலும்பையும் விலா எலும்புகளையும் பிடிக்கிறது, மடிப்பட்டை இடுப்பெலும்பைப் பிடிக்கிறது. எலும்புகள் தாங்கும், வயிறு தாங்காது. மடிப்பட்டை தொப்புள் பக்கம் ஏறிக் கிடந்தால், மோதும்போது குடல் முதுகெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே நசுங்குகிறது. உடம்பு அந்தப் பட்டையின் மேல் மடங்குவதால் இடுப்புப் பகுதி முதுகெலும்பு குறுக்கே பிளக்கிறது. மடிப்பட்டை மட்டுமே உள்ள பழைய பெல்ட்டுகளில் இந்த முறிவு அதிகம்.

சரியாகப் போடும் விதம் இது. முதலில் இடுப்பைச் சீட்டின் மூலைவரை தள்ளி உட்காருங்கள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு பக்கமும் கையில் தட்டுப்படும் எலும்பு மேடுகள் இருக்கின்றன. பட்டை அவற்றுக்குக் கீழே, தொடை மடிப்பை ஒட்டிக் கிடக்க வேண்டும். தொந்தி இருந்தால் பட்டையை அதன் அடியில் செருகுங்கள். பிறகு குறுக்குப் பட்டையைத் தோள் பக்கமாக மேலே இழுத்தால் மடியிலிருக்கும் தொய்வு போகும். அது காறை எலும்பின் நடுவில் படிந்து நெஞ்சின் நடுவே இறங்க வேண்டும். கழுத்தை உரசினால், கதவை ஒட்டிய தூணில் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் பிடியைச் சரிசெய்யுங்கள், அக்குளுக்கடியில் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் விசை முழுவதும் கீழ் விலாக்களில் இறங்கும், அவற்றுக்கு நேர் கீழேதான் கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன.

சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி பயணம் செய்வது பெல்ட் போடாததற்குச் சமம் என்றே சொல்வோம். மோதும்போது உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய்விடும், மடிப்பட்டை வயிற்றில் ஏறும், குறுக்குப் பட்டை கழுத்தில் மாட்டும்.

விபத்துக்குப் பிறகு வயிற்றிலோ கழுத்திலோ பெல்ட் கிடந்த இடத்தில் பட்டையாகக் கன்றிப்போயிருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கன்றல் உள்காயத்துக்கான வலுவான அறிகுறி. கழுத்தில் இருந்தால் மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி நான். பெல்ட் குழந்தையை அழுத்தாதா?

வயிற்றின் குறுக்கே போட்டால் அழுத்தும். மடிப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடை மடிப்பில் இருக்கட்டும். குறுக்குப் பட்டை மார்பகங்களுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கட்டும். நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால், ஸ்டீயரிங்குக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளி வேண்டும்.

சின்ன மோதல் என்றாலும் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். கருப்பை நெகிழும், நஞ்சுக்கொடி அந்த அளவு நெகிழாது. குலுக்கலில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பெயர்ந்துவிடக் கூடும். தாய்க்கு ஒரு காயமும் இல்லாமல் இது நடக்கலாம். குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் கருவியில் கவனிப்பார்கள். வயிறு கல் மாதிரி இறுகுவது, ரத்தக்கசிவு, அசைவு குறைவது இருந்தால் அதைவிட நீளும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டியிருக்கும்.

கேள்வி: பின் சீட்டில் பெல்ட் தேவையா? கைக்குழந்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேனே?

முதலில் குழந்தை. மேலே சொன்ன 50 கி.மீ. மோதலில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 160 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும், அதுவும் பத்தில் ஒரு நொடிக்குள். எந்தத் தாயின் கையாலும் முடியாது. மடியில் வைத்து உங்கள் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம், உங்கள் எடையே குழந்தையைப் பெல்ட்டோடு நசுக்கும்.

குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும், அது பின்னோக்கி இருக்க வேண்டும். குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து எலும்புகளும் தசைநார்களும் முற்றாதவை. முன்னோக்கி உட்கார்ந்தால் தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்துத் தண்டுவடம் இழுபடும். பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் இருக்கை ஒருசேரத் தாங்கும். இருக்கையில் குறித்த எடையும் உயரமும் தாண்டும்வரை, குறைந்தது இரண்டு வயதுவரையாவது இப்படியே வையுங்கள். முன் சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். பை விரியும் வேகம் குழந்தையின் உயிரைப் பறிக்கும். வளர்ந்த பிள்ளைக்குச் சுமார் 145 செ.மீ. உயரம் வரும்வரை உயர்த்தும் இருக்கை தேவை. அதற்கு முன் பெரியவர்களின் பெல்ட் வயிற்றிலும் கழுத்திலும்தான் விழும்.

இப்போது நீங்கள். பெல்ட் போடாத பின் சீட்டுப் பயணி முன் சீட்டின் முதுகில் போய் மோதுகிறார். முன்னால் இருப்பவர் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தும், பின்னாலிருந்து வரும் அந்த எடையால் ஸ்டீயரிங்கோடு நசுங்குகிறார். பின் சீட்டில் போடும் பெல்ட் இரண்டு பேரைக் காக்கிறது.

கேள்வி: சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து மெதுவாக இடித்தார்கள். பம்பரில்கூடக் கீறல் இல்லை. மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நடிக்கிறேன் என்கிறார்கள்.

நடிப்பு இல்லை. பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் உங்கள் முதுகை முன்னே தள்ளுகிறது, தலை இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. பத்தில் ஒரு நொடிக்குள் கழுத்தின் கீழ்ப்பாதி பின்னாலும் மேல்பாதி முன்னாலும் வளைகிறது. இயல்பில் கழுத்து இப்படி வளைவதே இல்லை. முதுகெலும்பு மூட்டுகளின் உறைகளும் தசைநார்களும் அதில் இழுபடுகின்றன. அழற்சி ஏற நேரம் பிடிப்பதால் வலி பல மணி நேரம் கழித்து வருகிறது. பம்பர் நசுங்காதது இதற்கு எதிர்ச் சான்று ஆகாது, நசுங்காத பம்பர் விசையை உள்ளே கடத்தியிருக்கும்.

வயது 65-க்கு மேல், கை கால் மரத்துப்போதல், கழுத்து எலும்பின் நடுக்கோட்டில் தொட்டால் வலி, தலையை இருபக்கமும் 45 பாகை திருப்ப முடியாமை: இவற்றில் ஏதாவது இருந்தால் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்க வேண்டுமா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். முறிவு இல்லை என்று உறுதியானால், வலி தாங்கும் அளவுக்குக் கழுத்தை மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பதுதான் நல்ல வைத்தியம். வாரக்கணக்கில் கழுத்துப் பட்டை மாட்டினால் தசை பலவீனமாகி வலி நீளும்.

ஹெட்ரெஸ்ட் தலை சாய்த்துத் தூங்க வைத்ததல்ல. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும். பின்மண்டைக்கும் அதற்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளிக்கு மேல் வேண்டாம். பலருடைய காரில் அது கீழே இறக்கியபடியே கிடக்கிறது. அந்த உயரத்தில் அது கழுத்துக்கு நெம்புகோலின் தாங்குமுனை ஆகிவிடுகிறது.

கேள்வி: டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வது ஆபத்தா?

மிகவும். காலைக் கீழே வைத்திருந்தாலே முழங்கால் டேஷ்போர்டில் மோதும்போது விசை தொடை எலும்பு வழியே போய் இடுப்பு மூட்டைப் பின்புறமாக நழுவவைக்கும். கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பியிருந்தால் அதுதான். 6 மணி நேரத்துக்குள் மூட்டை உரிய இடத்தில் பொருத்தாவிட்டால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் அழியத் தொடங்கும். காலை மேலே வைத்திருந்தால் ஏர்பேக் விரிந்து முழங்காலை முகத்துக்கே கொண்டுவரும்.

கேள்வி: ஏர்பேக் விரிந்ததும் புகை வந்தது, கண் எரிந்தது. விஷமா?

பெரும்பாலும் பை ஒட்டாமலிருக்கத் தூவிய மாவுப்பொடி, கூடவே வாயுவை உண்டாக்கும் வேதிவினையின் காரத் துகள்கள். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். எரிச்சல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள். காரம் விழிப்படலத்தை அரிக்கும். ஸ்டீயரிங்கை ஒன்பது மணி, மூன்று மணி நிலைகளில் பிடித்தால் பை விரியும்போது முன்கை முறிவது குறையும்.

கேள்வி: விபத்தைப் பார்த்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

பின்னால் வரும் வண்டிகளை எச்சரித்து நிறுத்துங்கள், கார் எஞ்சினை அணையுங்கள், அவசர எண்ணை அழையுங்கள். தீ, வெள்ளம், மூச்சு நின்றுபோதல் போன்ற உடனடி ஆபத்து இல்லாதபோது ஆளை வெளியே இழுக்காதீர்கள். முறிந்த கழுத்தெலும்பு நகர்ந்தால் தண்டுவடம் அறுபடும். காருக்குள்ளேயே பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளலாம்.

மூச்சில் குறட்டைச் சத்தம் கேட்டால் நாக்கு அடைக்கிறது என்று பொருள். தலையைப் பின்னால் சாய்க்காமல் தாடை எலும்பின் இரு மூலைகளையும் விரலால் முன்னே தள்ளுங்கள்.

ரத்தம் பீறிட்டால் மடித்த துணியை வைத்து உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கையிலோ காலிலோ அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியைச் சுற்றி ஒரு குச்சியால் முறுக்கி இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். கயிறு, கம்பி வேண்டாம், அவை தசையை வெட்டும். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கிறது.

தண்ணீர், காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பைப் போர்த்துங்கள், குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது.

மருத்துவக் குழு வந்ததும் சொல்ல வேண்டியவை: எந்தப் பக்கம் மோதியது, ஸ்டீயரிங் வளைந்திருந்ததா, காரின் முன் கண்ணாடி நட்சத்திரமாக உடைந்திருந்ததா, பெல்ட் போட்டிருந்தாரா, வெளியே தூக்கி எறியப்பட்டாரா, அதே காரில் யாராவது இறந்தார்களா. முடிந்தால் காரை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். பக்கவாட்டு மோதலில் கதவு உள்ளே வந்திருப்பது அந்தப் படத்தில் தெரிந்தால், இடப்பக்கம் என்றால் மண்ணீரலையும் வலப்பக்கம் என்றால் கல்லீரலையும் மருத்துவர் முதலில் தேடுவார். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்க இடமே கிடையாது, அதனால் அந்த மோதல் முன்பக்க மோதலைவிடக் கடுமையாக இறங்கும்.

கேள்வி: விபத்தில் சிக்கிய காரின் பெல்ட் பார்க்க நன்றாகவே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பலமான மோதல் என்றால் மாற்றுங்கள். பட்டை இழைகள் ஒருமுறை நீண்டு விசையை வாங்கிவிட்டன, மறுமுறை அதே அளவு நீளாது. மோதியதும் தொய்வை இழுக்கும் வெடிமருந்துக் கருவி பெல்ட்டோடு இருந்தால் அது ஒருமுறைக்குத்தான். குழந்தை இருக்கைக்கும் இதே விதிதான். அதன் பிளாஸ்டிக்கில் மெத்தை உறைக்கு அடியில் விரிசல் விட்டிருக்கும், உறையைக் கழற்றினாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.